பூசணிப் பூ ஏன் உதிர்ந்தது?

ஆடியில் ஊன்றிய பூசணி விதை ஐந்தாறு நாளில் முளைவிட்டு, ஆவணிக்குள் கொடி ஓடிப் பூக்கத் தொடங்கிவிடும். முதலில் வரும் பத்துப் பன்னிரண்டு பூக்கள் விடியும்போது உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக விரியும், உச்சிவேளைக்குள் சுருங்கும், இரண்டொரு நாளில் காம்போடு கழன்று விழும். ஒன்றில்கூடப் பிஞ்சு பிடிக்காது. பூசணிக் கொடியை முதன்முறையாகப் பக்கத்தில் பார்க்கும் நகரத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தண்ணீர் போதவில்லை, எறும்பு கடித்துவிட்டது, பக்கத்து வகுப்புக்காரர்கள் பந்தை எறிந்து உதிர்த்துவிட்டார்கள். ஒரு வாரம் பொறுத்தால் வேறு மாதிரி ஒரு பூ வரும். இதழ்களுக்கு அடியில், காம்பு முடியும் இடத்தில், கோலிக்குண்டு அளவில் பச்சையாக ஓர் உருண்டை இருக்கும். அதுதான் பெண்பூ. அதுவரை விழுந்தவை எல்லாம் ஆண்பூக்கள். மகரந்தம் தருவதோடு அவற்றின் வேலை முடிந்தது. கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கட்டத்தில் ஓர் ஆசிரியர் மூன்று பெண்பூ மொக்குகளைத் தேர்ந்து, மூன்றுக்கும் மூன்று நிறத்தில் நூல் கட்டச் சொல்லலாம். ஒன்றை அது விரிவதற்கு முந்தின நாளே காகிதப் பையால் மூடிக் கட்டிவிடுவது. இன்னொன்று விரிந்த காலையில், ஓர் ஆண்பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டை அதன் சூல்முடியில் தடவுவது. மூன்றாவதைத் தேனீயின் பொறுப்பில் விட்டுவிடுவது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், மூடிவைத்ததன் உருண்டை மஞ்சளடித்துச் சூம்பியிருக்கும். கையால் தடவியது பெரும்பாலும் முஷ்டியைவிடப் பெரிதாகியிருக்கும். மூன்றாவது என்ன ஆயிற்று என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கம் தேனீ வந்துபோகிறதா என்பதைப் பொறுத்தது. பாடப்புத்தகத்தில் ‘ஒருபால் மலர்’ என்று ஒரு மதிப்பெண் கேள்வியாக முடிந்துவிடுகிற சங்கதி இது. கொடியடியில் அதுவே ஒரு சந்தேகமாகத் தொடங்கி, சோதனையாக மாறி, பத்து நாள் காத்திருந்து, ஒரு பதிலோடும் இன்னொரு கேள்வியோடும் முடிகிறது.

நகரத்துப் பள்ளியில் தோட்டம் எதற்கு என்று கேட்டால் நம்மிடம் ஆயத்தமாக மூன்று பதில்கள் இருக்கின்றன. பசுமைக்கு, சத்துணவுக்கு, பிள்ளைகளின் ஒழுக்கத்துக்கு. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் நம்பித் தொடங்கிய தோட்டங்கள் ஒன்றிரண்டு ஆண்டில் புல் மண்டிக் கிடப்பதற்கும் காரணம் உண்டு. பள்ளித் தோட்டம் முதலில் ஓர் ஆய்வுக்கூடம்; அதுவும் கண்ணாடிக் குடுவையோ எரிவாயு இணைப்போ கேட்காத, தொடக்கப் பள்ளிக்கும் கட்டுப்படியாகிற ஆய்வுக்கூடம். அதை அதன் தரத்தில்தான் எடைபோட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எத்தனை லிட்டர் உப்புக்கரைசல் உற்பத்தியாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்தில் மட்டும் எத்தனை கிலோ கத்தரிக்காய் என்றுதான் முதல் கேள்வி வருகிறது.

கிலோக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க வேண்டும் என்று 2019இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. மதிய உணவுக்குக் கீரையும் காயும் வளாகத்திலேயே விளையட்டும் என்பது எண்ணம். நல்ல மண்ணில், நல்ல கவனிப்பில், முளைக்கீரை சதுர மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ தரும். மாநகரப் பள்ளி ஒன்று எப்படியோ இடம் தேடி இருபது சதுர மீட்டரில் பாத்தி கட்டுகிறது என்று வையுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது கிலோ கீரை. முந்நூறு பிள்ளைகள் சாப்பிடும் பள்ளியில் ஆளுக்கு நூறு கிராமுக்கு மேல் வராது. அதுவும் மாதத்தில் ஒரு நாளைக்கு. சத்துணவு அமைப்பாளருக்கு அது ஒரு வேளை ஆறுதல், அவ்வளவுதான். தான் வளர்த்த காயைப் பிள்ளை விரும்பிச் சாப்பிடும் என்ற நம்பிக்கையும் சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. லண்டனில் இருபதுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவை லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். தோட்டம் வைத்ததாலேயே பிள்ளைகள் காய்கனி சாப்பிடுவது கூடியது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. அதே ஆய்வில் இன்னொரு சேதியும் இருந்தது. தோட்டத்தைப் பள்ளியின் அன்றாடத்தோடு ஆழமாகப் பிணைத்துக்கொண்ட இடங்களில் மட்டும் நிலைமை மேலாக இருந்தது. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரை ஒட்டிய 16 தொடக்கப் பள்ளிகளில் 2016 முதல் 2019 வரை நடந்த ஆய்வில் ஓர் ஆண்டுக்குப் பதினெட்டுத் தோட்ட, சமையல் வகுப்புகள் நடத்தினார்கள். பிள்ளைகள் சாப்பிடும் காய்கறி நாளுக்கு அரைப் பரிமாறல் அளவுக்குக் கூடியது. உடல் எடையிலோ ரத்த அழுத்தத்திலோ மாற்றம் இல்லை. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘தோட்டம் வைத்தால் ஆரோக்கியம் வரும்’ என்று சுவரில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

வேறு காரியத்துக்காக வைத்த தோட்டம் அந்தக் காரியம் தீர்ந்ததும் காணாமல் போகும். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்க அரசின் கல்வித் துறை, நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டிப் ‘பள்ளித் தோட்டப் படை’ ஒன்றை அமைத்தது. காலி மனைகளிலும் கொல்லைகளிலும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைந்தன. போர் முடிந்தது, உணவு நெருக்கடி தணிந்தது, படையும் கலைந்தது. நம் பக்கத்தில் காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் என்ற உயர்ந்த யோசனையைக் கொண்டிருந்தது. கூடவே, அந்தத் தொழிலின் விற்பனையில் பள்ளியின் செலவு ஈடுகட்டப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. பிள்ளையின் கையில் இருக்கும் நூல் பாடமா, சரக்கா என்ற இழுபறி அங்கேயே தொடங்கிவிட்டது. இன்றைய நிலைமைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாள் சாயங்காலம் நர்சரியிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து இறங்கும். அவர் போன மறுவாரம் காய்ந்துபோன தொட்டிகள் மாடிப்படிக்கு அடியில் அடுக்கப்பட்டிருக்கும். அது தோட்டமே அல்ல, பந்தல் அலங்காரம்.

கற்றல் என்ற கணக்கில் பார்த்தால் சான்று எப்படி? டெக்சாஸ் மாநிலத்தில் டெம்பிள் என்ற ஊரில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான 647 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2005இல் வெளியாயிற்று. வகுப்பறையோடு தோட்டத்திலும் அறிவியல் படித்தவர்கள், வகுப்பறையில் மட்டும் படித்தவர்களைவிட அறிவியல் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். 1990 முதல் 2010 வரை வந்த 48 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013இல் வெளிவந்த மதிப்பாய்வும் அதே திசையைத்தான் காட்டியது: பலன் அதிகம் தெரிந்தது அறிவியலில், அடுத்தபடியாகக் கணக்கிலும் மொழிப்பாடத்திலும். இதில் ஒரு சந்தேகம் வருவது நியாயம். தோட்டம் போட முன்வருகிற பள்ளியில் ஏற்கெனவே ஆர்வமுள்ள ஆசிரியர்கள் இருப்பார்கள். நல்ல ஆசிரியர் மரப்பெஞ்சை வைத்துக்கூடப் பாடம் நடத்துவார். அப்படியிருக்க மதிப்பெண்ணுக்குக் காரணம் செடியா, ஆசிரியரா? இந்த ஆய்வுகளில் பல சிறியவை. இந்தச் சந்தேகத்தை முழுக்கத் தீர்க்க அவற்றால் ஆகாது. ஆனால் லண்டன் முடிவையும் இதையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. செடி மட்டும் இருந்து பயனில்லை. செடியைப் பாடமாக்கும் ஆள் இருந்த இடத்தில்தான் பயன் வந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கும் இதே விதிதான். பூட்டிய ஆய்வுக்கூடத்தால் யாரும் இயற்பியல் கற்றதில்லை.

அப்படியானால் செடி எதற்கு, நல்ல ஆசிரியரே போதுமே என்று கேட்கலாம். திரையில் ஓடும் காணொளியால் முடியாத ஒன்றைச் செடி செய்கிறது. அது பாடப்புத்தகத்துக்குக் கட்டுப்படாமல் நடந்துகொள்கிறது. ஒரு காராமணிச் செடியைப் பாருங்கள். ஒரு மாதத்தில் அதன் இளந்தண்டு முழுவதும் கறுப்பாக எண்ணெய் பூசினாற்போல் அசுவினி அப்பிவிடும். எறும்புகள் ஏறி இறங்கும். எறும்புதான் செடியைத் தின்கிறது என்று பிள்ளைகள் முடிவுகட்டுவார்கள். லென்ஸ் ஒன்றைக் கொடுத்துப் பத்து நிமிடம் உட்காரவைத்தால் கதை மாறும். எறும்பு இலையைத் தொடவே இல்லை. அசுவினியின் பின்புறத்தை உணர்கொம்பால் தட்டி, அது விடும் இனிப்புத் துளியைக் குடிக்கிறது. இரண்டு மூன்று நாள் கழித்துச் சாம்பல் நிறத்தில், முதலைக்குட்டி மாதிரி ஒரு புழு அசுவினிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்கும். பூச்சிமருந்து அடிக்கச் சொல்லும் பிள்ளைகள் இதையும் கொல்ல வேண்டும் என்பார்கள். கொல்லாமல் விட்டால் கூட்டுப்புழுவாகி, பொறிவண்டாக வெளிவரும். உணவுச் சங்கிலி என்று அம்புக்குறி போட்டு வரைவது எல்லோருக்கும் தெரியும். எது எதைத் தின்கிறது என்பதில் தாங்கள் தவறாக நினைத்திருந்தோம், பார்த்தபின் திருத்திக்கொண்டோம் என்ற அனுபவம் அம்புக்குறியில் இல்லை. அதே காராமணியைக் காய்ப்பு ஓய்வதற்கு முன்பே மெல்லப் பிடுங்கினால் வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். நகத்தால் ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத்தரும் ரைசோபியம் பாக்டீரியா அங்கே வேலையில் இருக்கிறது என்பதற்கு அந்தச் சிவப்பு அடையாளம். முடிச்சு வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை ஓய்ந்துவிட்டது என்று பொருள். ‘ரைசோபியம்’ என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, அந்த முடிச்சைக் கண்ணால் பார்க்காமலேயே மேல்நிலைப் படிப்பை முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பார்க்காததைப் பற்றி அக்கறை வராது என்பதும் சேர்ந்ததுதான். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2002இல் பிரிட்டிஷ் பிள்ளைகளிடம் இரண்டு வகைப் பட அட்டைகளைக் காட்டினார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான் பொம்மைகளில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தைப் பேர் சொன்னார்கள். தங்கள் நாட்டுச் செடிகொடி, பூச்சி, பறவைகளில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. பிள்ளைகளின் நினைவாற்றலில் குறையில்லை. எதன் முன்னால் அவர்களை நிறுத்தினோம் என்பதில்தான் வேறுபாடு. மரியா மாண்டிசோரி தம் கல்விமுறையில் பிள்ளைகளுக்குச் செடி வளர்க்கும் வேலையைச் சேர்த்ததற்குக் காரணம், கண்டிக்கும் பெரியவர் யாரும் இல்லாமலே ‘நான் தண்ணீர் ஊற்றாவிட்டால் இது காய்ந்துவிடும்’ என்ற முன்யோசனை பிள்ளைக்குத் தானாக வருகிறது என்பது. 1939இல் அடையாறுக்கு வந்த அவர் போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. அதில் சில காலம் கொடைக்கானலில். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இன்று தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. அவற்றில் செயற்கைப் புல்தரை விரித்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஒருவிதச் சிரிப்பு வரும்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்ததும் எழ வேண்டிய முதல் எதிர்ப்பு இடம் பற்றியதல்ல, தண்ணீர் பற்றியதும் அல்ல. அது உழைப்பைப் பற்றியது. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. ‘குலக்கல்வி’ என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு ராஜாஜி விலக, காமராசர் முதல்வராகி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அந்த நினைவு வெறும் வரலாறு அல்ல. மாநகராட்சிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். மண்ணைச் சுமந்தது தங்களோடு போகட்டும் என்றுதான் அவர்கள் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார்கள். பள்ளிக் கழிப்பறையைக் கழுவ எந்தச் சாதிப் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்ற செய்தி இன்றும் அவ்வப்போது நாளிதழில் வருகிற மாநிலத்தில், பிள்ளை கையில் மண்வெட்டியைக் கொடுக்கும்போது அந்தத் தாய்க்குக் கோபம் வந்தால் அதைத் தவறு என்று சொல்ல நமக்கு வாயில்லை. வியப்பு என்னவென்றால் இதே கோபம் உலகத்தின் மறுகோடியிலும் எழுந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற உணவக உரிமையாளர் 1995இல் ஒரு நடுநிலைப் பள்ளியின் தார் பூசிய ஓர் ஏக்கர் இடத்தைத் தோட்டமாக்கி, அதற்குப் பக்கத்தில் சமையல் வகுப்பறையும் அமைத்தார். உலகமெங்கும் பள்ளித் தோட்டக்காரர்கள் காட்டும் முன்மாதிரி அது. 2010இல் கெய்ட்லின் பிளானகன் என்ற எழுத்தாளர் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அதைக் கடுமையாகத் தாக்கினார். மெக்சிகோவிலிருந்து வந்து வயலில் கீரை பறித்துக் குடும்பத்தைக் காத்த ஒரு தொழிலாளியின் மகன், அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே கீரை பறிக்க அனுப்பப்பட்டால் எப்படி இருக்கும் என்பது அவர் கேள்வி. வாசிப்பும் கணக்கும் வராத பிள்ளைகளின் நேரத்தை வசதியானவர்களின் ரசனைக்காகச் செலவிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

இந்த எதிர்ப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. அதை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியும். ஒரு பள்ளித் தோட்டத்தில் யார் தோண்டுகிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். சில பிள்ளைகள் தோண்ட, வேறு சில பிள்ளைகள் ‘புராஜெக்ட்’ எழுதி அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கினால் அது குலக்கல்வியின் குட்டிப் பதிப்பு. தாமதமாக வந்தவனைக் களை பறிக்க அனுப்பினால் அது தண்டனை. அதோடு களை என்ற பாடமும் செத்தது. கனத்த மண்வேலையைக் கூலி கொடுத்து ஆள்வைத்துச் செய்துவிட்டு, விதைப்பது, அளப்பது, எண்ணுவது, வரைவது ஆகியவற்றை எல்லாப் பிள்ளைகளும் முறைபோட்டுச் செய்தால்தான் அது ஆய்வுக்கூடம். மாதம் பல ஆயிரம் கட்டணம் வாங்கும் பள்ளியும் இதே வேலையைத் தன் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். இப்போது நடப்பது வேறு. அங்கே தோட்டக்காரர் வளர்க்கிறார், பிள்ளைகள் விளம்பரத் தாளுக்காகப் பூவாளியோடு நிற்கிறார்கள். பிளானகன் பார்க்கத் தவறிய ஒன்றும் உண்டு. விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்னை வந்த ஒரு தாய்க்குப் பள்ளிக்கூடத்தில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாது என்றுதான் இதுவரை அவருடைய பிள்ளை நினைத்திருக்கும். பாத்தியில் முளைத்ததைக் கொண்டுபோய், “அம்மா, இது என்ன களை?” என்று கேட்டால், கோரை எது, சாரணை எது, குப்பைமேனி எது, கீழாநெல்லி எது, எதை வேரோடு பிடுங்கினாலும் திரும்ப வரும் என்று அவர் சொல்வார். அந்தப் பதில் நோட்டில் ஏறி வகுப்பில் வாசிக்கப்படும்போது, கைவேலை செய்தவரின் அறிவு முதன்முறையாகப் பாடத்துக்குள் வருகிறது. தோட்டத்தில் கிடைக்கும் கீரையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நேரம் எங்கே என்பது ஆசிரியர்களின் எதிர்ப்பு. வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஓயாத பதிவேற்றம் என்று ஏற்கெனவே முதுகு ஒடிந்தவர்களிடம் ‘ஆர்வமிருந்தால் தோட்டமும் பாருங்கள்’ என்பது அநியாயம். 2001இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படையின் கீழ் நாடு முழுவதும் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைந்தன. ஓர் ஆசிரியருக்கு மாற்றல் வந்தால் மன்றமே படுத்துவிடுகிற இடங்கள் நிறைய. பெர்க்லியில் தோட்டத்துக்கென்றே தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நன்கொடை நிதி பின்னால் நிற்கிறது. அந்த அளவு வேண்டாம். ஒரு பகுதிநேரப் பணியிடமும், கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பாடவேளையும் இல்லாமல் இது நடக்காது என்பதை ஒத்துக்கொள்வதுதான் நேர்மை. அந்தப் பாடவேளை தேர்விலிருந்து திருடியதாகவும் இருக்க வேண்டியதில்லை. இருபது விதை ஊன்றி ஏழு முளைத்தால் முப்பத்தைந்து சதவீதம். ஒவ்வொரு திங்களும் வெண்டையின் உயரத்தை அளந்தால் வரைபடம். பாத்தியின் பரப்பு, உரத்தின் விகிதம், செடிக்குச் செடி இடைவெளி எல்லாம் ஏற்கெனவே பாடத்திட்டத்தில் இருப்பவைதாம். நாட்காட்டியும் நமக்கு ஒத்துழைக்கிறது. ஜூனில் பள்ளி திறந்து பிள்ளைகள் நிலைகொள்ளும்போது ஆடிப்பட்டம் வந்துவிடும். தையில் இன்னொரு பட்டம். ஆண்டுத் தேர்வுக்குள் அறுவடை முடியும். மே மாத வெயிலில் செடி காய்ந்துபோகுமே என்ற கவலை, வருஷம் முழுக்கப் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான். கோடையில் சருகை மூடாக்காகப் போட்டு நிலத்தைச் சும்மா விடுவது உழவர்கள் காலங்காலமாகச் செய்வது. ஜூனில் சருகை விலக்கி, மூடிய மண்ணையும் மூடாத மண்ணையும் கையில் எடுத்துப் பார்ப்பதே அந்த ஆண்டின் முதல் பாடமாக இருக்கலாம்.

இடத்துக்கும் தண்ணீருக்கும் வருவோம். எடின்பரோ நகரத்தின் நெருக்கடியான பழைய பகுதியில் இடிந்த வீடுகளின் காலி மனைகளைச் சிறுவர் தோட்டங்களாக மாற்ற முன்னின்றவர் பேட்ரிக் கெடிஸ் என்ற தாவரவியல் பேராசிரியர். நகரமைப்பு வல்லுநராகத்தான் அவரை நமக்குத் தெரியும். 1914இல் அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. மனிதர் அசராமல் மறுபடி திரட்டிச் சென்னையில் கண்காட்சியை நடத்திக்காட்டினார். நகரத்தில் இடமில்லை என்பது பெரும்பாலும் தேடவில்லை என்பதே என்று அவர் வேலை காட்டியது. தரையே சிமென்ட் என்றால் பைகளில் வளர்க்கலாம். தென்னை நார்க்கழிவும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பிய இருபது பைகள் ஒரு வகுப்புக்குத் தாராளம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் கொடுத்தும் வந்திருக்கிறது. தண்ணீர்தான் சிக்கல். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு ஜனங்கள் லாரிக்குக் காத்திருந்த காட்சியை மறந்துவிட்டுச் செடியைப் பற்றிப் பேச முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடும் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளுக்கு ஐந்து லிட்டர் போல வேண்டும். இருபது சதுர மீட்டருக்கு நூறு லிட்டர், ஏழு குடம். முந்நூறு பிள்ளைகள் சாப்பிட்டுக் கைகழுவ ஆளுக்கு அரை லிட்டர் என்றாலும் நூற்றைம்பது லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. சோப்பு கலக்காத அந்தத் தண்ணீரைத் திருப்பிவிட்டாலே பாத்தி நனையும். சென்னையில் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டுவதால் தொட்டியில் பிடித்துவைக்க முடியாது, நிலத்துக்குள்தான் இறக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமான மாநிலத்தில், பள்ளியின் சேகரிப்புக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஏழாம் வகுப்பு போதும். மழைமானியில் அளந்து, கூரைப் பரப்பால் பெருக்கி, எவ்வளவு உள்ளே போயிருக்க வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மண் அழுக்கு, நோய் வரும் என்ற பெற்றோரின் அச்சத்தில் பாதி சரி. நகரத்து மண்ணில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இல்தான் நின்றது, பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரமும் சந்தேகத்துக்குரியது. சாலையை ஒட்டிய இடத்தில் கீரை போட்டுச் சாப்பிடாமல், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில், பையிலோ உயர்த்திக் கட்டிய பாத்தியிலோ வளர்ப்பது நல்லது. மறுபாதி அச்சத்துக்குப் பின்லாந்திலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. அங்கே நகரத்து மழலையர் காப்பகங்களில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுபத்தைந்து பேரைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வில், சில காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்தரையையும் பரப்பிச் செடித்தொட்டிகள் வைத்தார்கள். பிள்ளைகள் தினமும் அதில் விளையாடினார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. நோயெதிர்ப்பைச் சீராக்கும் அறிகுறிகளும் ரத்தத்தில் தென்பட்டன. சிறிய ஆய்வுதான்; மண்ணைத் தொட்டால் ஒவ்வாமை வராது என்று இதை வைத்து யாரும் உத்தரவாதம் தர முடியாது. கைகழுவச் சோப்பு வைத்துவிட்டு மண்ணைத் தொடவிடலாம் என்று சொல்ல இது போதும்.

பூசணியோடு தொடங்கியதால் அதன் உறவுக்காரச் சுரையைச் சொல்ல வேண்டும். வேலியில் சுரைக்கொடி ஏற்றிய வகுப்பு, பூசணியில் கற்றதை வைத்துக்கொண்டு ஆண்பூ, பெண்பூவை முதல் நாளே பிரித்துவிடும். ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் வெள்ளைப் பூக்கள் துவண்டு கிடக்கும், தேனீயைக் காணோம். மறுநாளும் அப்படியே. ஆனாலும் வெள்ளிக்கிழமை வாடிக்கிடந்த ஒரு பூவின் அடியில் திங்கட்கிழமை பிஞ்சு நீண்டிருக்கும். பூ எப்போது விரிந்தது, எது வந்து மகரந்தம் சேர்த்தது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. பள்ளி மணி நாலரைக்கு அடிக்கிறது. இரவுக் காவலரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும்.